குடும்பிமலைப் பக்கத்து ஊர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரான் சந்தியில் எனக்கு ஒரு சின்னக் கடை. மேற்கே காட்டுப் பக்கம் போகிறவர்கள் தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கட்டும் வாங்க என் கடையில்தான் நிற்பார்கள். நிற்கிறவர்கள் கேள்வி கேட்காமல் போவதில்லை. நான் பிறந்தது அந்தப் பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றில். எங்கள் வழமைப்படி கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டோடு போய்விடுவான். அப்படித்தான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்தேன். அக்கா இன்னும் அங்கேதான், ஐயா விட்டுப்போன மாடுகளும் அங்கேதான். வாய் வலிக்கச் சொன்னவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த ஊர்கள் எங்கே இருக்கின்றன?

மட்டக்களப்பு மாவட்டத்தில், கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகப் பிரிவில். மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே வந்தால் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, முறக்கொட்டான்சேனை, சந்திவெளி, அதற்கடுத்து கிரான். இவை எல்லாம் கடலுக்குக் கிட்டிய ஊர்கள். வீடுகள் நெருக்கம், கடைத்தெரு உண்டு. கிரானில் மேற்கே திரும்பி ஆற்றைக் கடந்தால் புலிபாய்ந்தகல், கோராவெளி, முறுத்தானை, பேரில்லாவெளி, குடும்பிமலை என்று ஊர்கள் சிதறிக் கிடக்கும். இன்னும் உள்ளே போனால் பொலன்னறுவை எல்லையோரம் வடமுனையும் ஊத்துச்சேனையும்.

எங்கள் மாவட்டத்தில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. வாவிக்கு மேற்கே இருக்கிற வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கத்தைத்தான் படுவான்கரை என்று பெரும்பாலும் சொல்வார்கள். நாங்கள் அதற்கும் வடக்கே. ஆனாலும் எழுவான்கரைக்காரர் கண்ணுக்கு நாங்கள் எல்லோரும் ஒன்றுதான்: "காட்டுப் பக்கத்து ஆக்கள்."

போக எவ்வளவு நேரம் எடுக்கும்?

கேட்கிறவர் எந்த மாதம் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆகஸ்ட் மாதத்தில் மோட்டார் சைக்கிளில் புழுதி குடித்துக்கொண்டு காலையில் போய், மத்தியானச் சாப்பாட்டை முடித்து, பொழுதுபட முந்தித் திரும்பிவிடலாம். டிசம்பரில் அதே வழிக்கு ஒரு நாளும் ஆகலாம், போகவே முடியாமலும் போகலாம்.

தூரம் எங்கள் ஊர்களுக்குப் பிரச்சினையே இல்லை. காடுகூடப் பிரச்சினை இல்லை. இடையில் கிடக்கிற ஆறுதான் எல்லாம். கீழே எழுதியிருக்கிற முக்கால்வாசிப் பதிலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

அது மழைக்காடா?

இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற உறவுக்காரர் படம் பிடித்துப் போட்டு அதற்குக் கீழே "மழைக்காடு" என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கப் பச்சையாக இருந்தால் மழைக்காடு ஆகிவிடாது. இலங்கையின் மழைக்காடு தென்மேற்கில், ஈர வலயத்தில் இருக்கிறது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த சிங்கராஜாதான் அதில் பேர்போனது. அங்கே ஆண்டு முழுக்க மழை.

எங்களுடையது உலர் வலயக் காடு. மட்டக்களப்பில் ஆண்டுக்குச் சுமார் 1,650 மில்லிமீட்டர் மழை விழுகிறது. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியோடு கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் வானம் எங்களை மறந்துவிடும். அதனால் மரங்களும் அதற்கேற்றவைதான்: பாலை, வீரை, முதிரை, கருங்காலி. தடித்த இலை, வைரம் பாய்ந்த கட்டை, ஆழமான வேர். ஆற்றோரம் மட்டும் மருதமரம் குடை பிடித்து நிற்கும். மழைக்காட்டில் அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாதாம். எங்கள் காட்டில் வானம் தாராளமாகத் தெரியும், நிமிர்ந்து நடக்கத்தான் முடியாது. முள்ளும் கொடியும் சேர்ந்து சேட்டைப் பிடித்து இழுக்கும்.

எப்போது வந்தால் நல்லது?

பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. வெள்ளம் வற்றியிருக்கும், புல் இன்னும் பச்சையாக இருக்கும், வேளாண்மை வெட்டும் காலம் என்பதால் ஊரில் கலகலப்பும் கையில் கொஞ்சம் காசும் இருக்கும். மே தொடங்கினால் கச்சான் காற்று. கச்சான் என்றால் எங்களுக்குக் கடலையும்தான், மேற்கிலிருந்து அடிக்கிற அந்த வரண்ட சூட்டுக் காற்றும்தான். கடலையைக் கொறிக்கலாம், காற்று நம்மைக் கொறிக்கும். உதடு வெடித்து, கண் எரிந்து, கிணற்றில் வாளி தரை தட்டும். சில வருடம் பவுசரில் தண்ணீர் வரும்வரை வீதியில் குடத்தை வரிசையாக வைத்துக் காத்திருப்பார்கள்.

நவம்பர், டிசம்பர், ஜனவரியில் சும்மா பார்க்க வராதீர்கள்.

ஏன், ஆறு பெருகினால் அப்படி என்ன நடக்கும்?

முந்தனையாறும் மாதுறு ஓயாவும் மேற்கேயிருந்து இந்தப் பக்கமாகத்தான் கடலைத் தேடி வருகின்றன. இங்கே வெயில் எறித்துக்கொண்டிருக்கும். மேலே எங்கோ இரண்டு நாள் மழை பெய்திருக்கும், குளங்கள் வான் பாய்ந்திருக்கும், வான்கதவுகளைத் திறந்திருப்பார்கள். இரவில் படுக்கும்போது முழங்கால் அளவு நின்ற தண்ணீர் விடியும்போது கிரான் பாலத்துக்கு மேலாலும் வீதிக்கு மேலாலும் ஓடும். பாலம் எங்கே, வீதி எங்கே, வயல் எங்கே என்று தெரியாது. ஒரே மண்நிறத் தண்ணீர்.

அதன் பிறகு இயந்திரப் படகுதான். சந்திவெளித் துறையிலிருந்து திகிலிவெட்டைக்குப் போகும் ஆட்களும் அப்படித்தான், தோணியும் பாதையும். (வெளியூர்க்காரருக்கு: மட்டக்களப்பில் "பாதை" என்றால் நடக்கிற வழி மட்டுமல்ல, ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரைக்கு விடுகிற மிதவைக்கும் பாதை என்றுதான் பேர். "பாதை உடைஞ்சு போச்சு" என்று யாராவது சொன்னால் தார் வீதியைத் தேடாதீர்கள்.) நீரோட்டம் கடுமையாக இருந்தால் படகையும் விடமாட்டார்கள். உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஆட்களை நிறுத்தி, முன்னால் ஒருவர் கம்பு குத்தி ஆழம் பார்த்துக்கொண்டு போவதும் நடக்கும். அது ஆபத்தானது. செய்கிறவர்களுக்கும் தெரியும்.

2010 டிசம்பர் கடைசியில் தொடங்கி 2011 ஜனவரி வரை பெய்த மழையை மட்டக்களப்பில் யாரும் மறக்கமாட்டார்கள். மாவட்டத்தில் பெரும்பகுதி தண்ணீருக்குள் கிடந்தது. அக்காவுக்கு அப்போது நிறைமாதம். வலி கண்டது இரவு. ஆற்றங்கரைக்குக் கொண்டுவர ஒரு உழவு இயந்திரம், கரையில் காத்திருக்க ஒரு கொட்டில், ஒரு அரிக்கன் லாம்பு. படகு விடிந்த பிறகுதான் வரும் என்றார்கள். பிள்ளை விடியும்வரை பொறுக்கவில்லை. கூட வந்த கிழவி ஒருவர் கைகொடுத்தார். தாயும் பிள்ளையும் தப்பியது அவர் கைராசி. மருமகள் இப்போது பெரிய பிள்ளை, நன்றாகப் படிக்கிறாள். ஊரில் அவளுக்கு "ஆத்துக்காரி" என்று பட்டம். அவளுக்கு அது பிடிக்கவில்லை, எனவே இதோடு விடுகிறேன்.

உயர்ந்த பாலம் வேண்டும் என்று கேட்பது எங்கள் ஊர்களில் பரம்பரைச் சொத்து மாதிரி. ஐயா கேட்டார், நாங்கள் கேட்டோம், இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். தேர்தல் காலத்தில் இந்த ஆற்றைக் கடந்து வராத கட்சி கிடையாது. பெரும்பாலும் அவர்கள் வருவது தண்ணீர் வற்றிய மாதத்தில்.

ஊர்ப் பெயர்கள் ஏன் இப்படி விநோதமாக இருக்கின்றன?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான். யாரும் கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடுவேன்.

எங்கள் பக்கத்துப் பெயர்கள் அந்த நிலம் எப்படி இருந்தது என்று எழுதி வைத்த குறிப்புகள். "வெளி" என்றால் மரமில்லாத திறந்த நிலம். "சேனை" என்றால் காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்த இடம். "மடு" என்றால் ஆறு வற்றினாலும் வற்றாத ஆழமான நீர்க்கிடங்கு. "தரவை" என்றால் மழைக்காலத்தில் நீர் நின்று, கோடையில் புல் முளைக்கிற மேய்ச்சல் நிலம். இதைத் தெரிந்துகொண்டு வரைபடத்தைப் பாருங்கள். ஊத்துச்சேனை என்ற பேரைக் கேட்டாலே அங்கே ஊற்று இருந்திருக்கும் என்று தெரிகிறது. மினுமினுத்தவெளி என்று ஒன்று இருக்கிறது. என்ன மினுமினுத்ததோ, மழைத் தண்ணீரோ மின்மினியோ, பேர் வைத்தவருக்குத்தான் வெளிச்சம்.

புலிபாய்ந்தகல் என்று சொன்னதும் சிலர் ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். அரசியலுக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தமில்லை. கல்லிலிருந்து பாய்ந்தது நாலு கால் புலி. இலங்கைக் காட்டில் இருப்பது சிறுத்தைதான், ஆனால் எங்கள் ஆட்கள் அதைப் புலி என்றுதான் சொல்லி வந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே பேரில்லாவெளி. ஒரு வெளி, அதற்குப் பேர் இல்லை, பேர் இல்லை என்பதே பேராகிவிட்டது. கிராம சேவகர் பத்திரத்திலும் பிறப்புச் சான்றிதழிலும் அப்படியே எழுதுகிறார்கள். கொழும்பில் ஒரு அலுவலகத்தில் எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனிடம் முகவரி கேட்டு, அவன் சொன்னதும், "ஊருக்குப் பேர் இல்லையா? அப்ப எதை எழுதுறது?" என்று எழுத்தர் பேனாவை வைத்துவிட்டாராம்.

குடும்பிமலையா, தொப்பிகலவா? எது சரி?

இரண்டும் ஒரே மலைதான். தட்டையான காட்டுக்கு நடுவே 500 மீட்டருக்குச் சற்று மேலே தனியாக எழும்பி நிற்கும் பாறை. தமிழர் கண்ணுக்கு அது முடிந்த குடும்பி. சிங்களத்தில் "தொப்பிக் கல்". வெள்ளைக்காரர் வரைபடத்தில் "பாரன்ஸ் கேப்", அதுவும் தொப்பிதான். தலையில் என்ன இருக்கிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு. நாங்கள் குடும்பிமலை என்கிறோம். மாடு தொலைத்தவனுக்கு அதுதான் திசைகாட்டி. எந்த வெளியில் நின்றாலும் மலை எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்துத்தான் வீட்டுக்குத் திரும்புவான்.

செய்தியில் இந்தப் பேரைக் கேட்டவர்களுக்கு 2007 ஜூலை ஞாபகம் வரும். கிழக்கில் புலிகளின் கடைசிப் பெரிய தளமாக இருந்த இந்தப் பகுதியை அந்த மாதம் 11ஆம் திகதி இராணுவம் பிடித்தது. ஊர்கள் அதற்கு முன்பே காலி. 1990இல் ஒரு முறை, அதன் பிறகு பல முறை, கடைசியாக 2007இல் என்று இடம்பெயர்ந்து, பிறகு படிப்படியாகத் திரும்பி வந்தவர்கள்தான் இப்போது அங்கே இருக்கிறார்கள். திரும்பி வந்தபோது வீட்டு வளவுக்குள் கை மொத்தத்துக்கு மரம் வளர்ந்திருந்தது. எங்கள் வளவின் கிணற்றைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போனது. இதற்கு மேல் இந்தக் கேள்விக்குக் கடையில் நின்றுகொண்டு பதில் சொல்லமாட்டேன்.

அங்கே சனங்கள் என்ன செய்து பிழைக்கிறார்கள்?

வேளாண்மை, சேனை, மாடு. இந்த மூன்றையும் தனித்தனித் தொழிலாக நினைக்காதீர்கள். ஒன்று சறுக்கினால் மற்றது தாங்கும்.

வேளாண்மை என்றால் மட்டக்களப்பில் நெல் மட்டும்தான். குளத்துத் தண்ணீர் பாயாத இடங்களில் வானத்தை நம்பி விதைப்பார்கள். ஒக்டோபரில் விதைப்பு, பெப்ரவரி, மார்ச்சில் வெட்டு. வயலுக்கு நடுவே ஒரு வாடி, காவலுக்கு ஒரு பரண். இப்போது வெட்டுக்கு மெசின் வருகிறது, ஒரு காலை முழுக்க எடுத்த வேலை பீடி ஒன்று பற்றி முடிய முந்தி முடிகிறது. மெசின் புதையாமல் வயலுக்குள் இறங்க முடிந்தால்.

சேனையில் சோளன், கச்சான், பயறு, கௌபி, மரக்கறி. முன்பு ஆடி, ஆவணியில் காடு வெட்டி, காயவிட்டு, நெருப்பு வைத்து, முதல் மழைக்கு விதைத்து, இரண்டு மூன்று போகத்துக்குப் பிறகு அந்த இடத்தைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு இடம் போவார்கள். இன்று அப்படிச் செய்ய இடமும் இல்லை, சட்டமும் விடாது. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் மரம் வளர்ந்த பழைய காணிக்குள் எல்லைக்கல் நட்டு, இது காடு என்று சொன்ன கதைகளும் உண்டு. வளர்ந்தது காடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் எங்கள் கிணறு இருக்கிறதே.

மாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மட்டக்களப்புத் தயிர் என்று பேர் வாங்கிக் கொடுப்பது பட்டிகள்தான். பட்டி என்றால் தொழுவம் இல்லை. அலம்பல் வேலிக்குள் இரவில் அடைத்து, பகலில் அவிழ்த்து விடுகிற மந்தை. ஒவ்வொரு மாட்டிலும் உடையவரின் குறி சுட்டிருக்கும். விடியற்காலை நாலு மணிக்குக் கன்றைக் கட்டிப் பால் கறந்து, கானில் ஊற்றி, மோட்டார் சைக்கிளில் ஏற்றி, வெயில் ஏற முந்தி ஆற்றைக் கடக்க வேண்டும். வெள்ளக் காலத்தில் பால்தான் முதலில் பழுதாகும். கறந்த பாலைக் கரையில் ஊற்றிவிட்டுத் திரும்புகிறவரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். கடக்க முடியாத நாட்களில் அங்கேயே காய்ச்சி, உறை ஊற்றிச் சட்டியில் வைத்துவிடுவார்கள். அந்த நாட்களில் ஊரில் நாய்க்கும் தயிர்ச்சோறுதான்.

மயிலத்தமடு, மாதவணை என்று செய்தியில் வருகிறதே, அது என்ன?

அது எங்கள் பக்கத்து மேய்ச்சல் தரை. ஏன் முக்கியம் என்றால், கரையோர வயல்களில் வேளாண்மை செய்திருக்கும் மாதங்களில் மாடுகள் அங்கே நிற்க முடியாது. பயிரைத் தின்றுவிடும். எனவே விதைப்புக்கு முந்தி மாடுகளை மேற்கே கொண்டுபோய்விட்டு, வெட்டு முடிந்ததும் திருப்பிக் கொண்டுவருவார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிற போக்குவரத்து இது.

அண்மைய வருடங்களில் வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் அந்தத் தரையில் பயிர் செய்யத் தொடங்கினார்கள். மேயப் போன மாடுகள் சுடுபட்டும், சுருக்கில் மாட்டியும், வெட்டுக்காயத்தோடும் திரும்பின. சில திரும்பவே இல்லை. 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். வழக்கும் நடந்தது, பேச்சுவார்த்தையும் நடந்தது. அங்கே பயிர் செய்ய வந்தவர்களும் ஏழை விவசாயிகள்தான் என்று ஒரு வாதம் இருக்கிறது. இருக்கலாம். ஆனால் மாட்டைச் சுடுகிறவன் ஏழையா பணக்காரனா என்று மாட்டுக்குத் தெரியாது.

யானை வருமா?

வரும். நாங்கள் இரவில் அந்தப் பேரைச் சொல்வதில்லை, "பிள்ளையார்" என்போம். பெத்தம்மா சொல்லித் தந்தது. பேர் சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுமாம்.

கூட்டமாக வருவது பெரும்பாலும் தாயும் குட்டிகளும். அவை தங்கள் பாட்டில் போய்விடும். பயம் தனியனுக்குத்தான். இலங்கை ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்குத்தான் தந்தம் இருக்கும். எனவே கொம்பன் இல்லையே என்று நிம்மதியாக நிற்காதீர்கள். தந்தம் இல்லாததும் ஆண்தான், அதே பலம்தான்.

வயலில் கதிர் முற்றும்போது வரும். வெட்டு முடிந்தால் வீட்டுக்கே வரும், ஏனென்றால் நெல் மூட்டை இப்போது வீட்டுக்குள் இருக்கிறது. குசினிச் சுவரைத் தும்பிக்கையால் தள்ளி உப்புப் பானையையும் எடுத்திருக்கிறது. அக்கா வீட்டில் ஒரு இரவு மூட்டையை இழுத்துக்கொண்டு போனது. காலையில் பார்த்தால் வளவிலிருந்து காடு வரைக்கும் நெல் கோடு போட்டாற்போல் சிந்திக் கிடந்தது. கோழிகளுக்குத் திருவிழா. பயந்துபோய் இரவு முழுக்கக் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த அக்காதான் காலையில் முதலில் சிரித்தவளும்.

எல்லாம் சிரிப்பில் முடிவதில்லை. 2023இல் மட்டும் இலங்கை முழுக்க 400க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் செத்தார்கள். அந்தக் கணக்கில் எங்கள் பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள். யானை வெடி கொளுத்துவார்கள், தகரம் தட்டுவார்கள், மின்வேலி போடுவார்கள். வேலி போட்ட முதல் வருடம் வேலை செய்யும். பிறகு கொடி படர்ந்து மின்சாரம் மண்ணுக்குப் போகும், கட்டை உளுத்துவிடும், வெட்டித் துப்புரவாக்க ஆள் இருக்காது. யானை காய்ந்த மரத்தைத் தள்ளி வேலிமேல் விழுத்திவிட்டு அதன்மேல் நடந்துவரும். புத்தியில் அது எங்களைவிட ஒரு படி மேலே.

மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் மாலை 5 மணிக்குப் பிறகு காட்டு வழியில் நிற்காதீர்கள். கண்டால் ஹோன் அடிக்காமல் திருப்பிக்கொண்டு போங்கள். படம் எடுக்கக் கிட்டப் போகாதீர்கள்.

வேறு ஆபத்து?

யானையைவிடக் கரடிக்குத்தான் காட்டுக்குப் போகிறவர்கள் அதிகம் பயப்படுவார்கள். யானை எச்சரித்துவிட்டு வரும், கரடி நேரே முகத்துக்கு வரும். பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் மரத்துக்குக் கீழே பழம் பொறுக்குகிறவரும், மேலே பழம் தின்கிற கரடியும் ஒருவரை ஒருவர் கவனிக்காமல் இருப்பதுண்டு.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வாழைச்சேனைக்கோ மட்டக்களப்புக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மந்திரித்துப் பார்வை பார்க்கிற வைத்தியரிடம் போவதாக இருந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு போங்கள்.

மலேரியா இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. ஒரு காலத்தில் எங்கள் பக்கத்தில் "நடுங்குகாய்ச்சல்" வராத வீடு இல்லை, அதை நினைத்தால் இது சின்ன விடயம் இல்லை. டெங்கும் எலிக்காய்ச்சலும் இருக்கின்றன. காலில் புண்ணோடு வயல் தண்ணீருக்குள் இறங்காதீர்கள்.

அங்கே இருப்பவர்கள் வேடர்களா?

எங்கள் ஊர்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயலுக்கும் மாட்டுக்கும் என்று கரையோரத்திலிருந்து உள்ளே போய்க் குடியேறியவர்கள். இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர் வழிவந்தவர்கள் எங்களுக்கு வடக்கே வாகரைப் பக்கத்தில், குஞ்சன்குளம் போன்ற ஊர்களில் இருக்கிறார்கள். கடலோர வேடர் என்று சொல்வார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான். சடங்குகளில் மட்டும் பழைய சொற்கள் சில ஒலிக்கும். மொனராகலை மாவட்டத்து ரத்துகலவிலும் அம்பாறை மாவட்டத்துப் பொல்லெபெத்தவிலும் இருப்பவர்கள் சிங்களம் பேசுகிறவர்கள். வில்லும் அம்பும் கோடரியும் தோளில் வைத்த மனிதரைப் படம் எடுக்க வேண்டும் என்று என் கடையில் வந்து வழி கேட்காதீர்கள். குஞ்சன்குளத்துப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு பள்ளிக்குப் போகிறார்கள்.

தேன், மான் இறைச்சி வாங்கலாமா?

தேன் வாங்கலாம். ஆனால் வீதியோரத்துப் போத்தலில் இருப்பதெல்லாம் தேனீ கண்ட தேன் இல்லை, சீனிப்பாணிக்கும் தேன் நிறம் உண்டு. தெரிந்தவர் மூலம் வாங்குங்கள். தீக்குச்சியை நனைத்துப் பற்றவைக்கும் சோதனை எல்லாம் வெறும் கதை.

இறைச்சி கேட்காதீர்கள். மான், மரை வேட்டை 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளியூர்க்காரர் கேட்பதால்தான் அது விலை போகிறது. சுருக்கு வைப்பவன் பிடிபடுவான், தின்றவன் காரில் போய்விடுவான்.

பள்ளிக்கூடம் இருக்கிறதா?

இருக்கிறது. அரசாங்கக் கணக்கில் "அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலை." கஷ்டம் என்பதற்கு முன்னால் ஒரு "அதி" போட்டால் ஆசிரியர் தங்குவார் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். ஆசிரியர்கள் கரையோரத்திலிருந்து வருகிறார்கள். காலை 6 மணிக்கு என் கடையில் தேநீர் குடித்துவிட்டுப் போகிறவர்களைத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வெள்ளத்தில் படகேறி, அக்கரையில் இன்னொருவரின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிச் சேற்றில் நடந்து போய்ப் படிப்பிக்கிற டீச்சர்மார் இருக்கிறார்கள். ஆற்றைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இடமாற்றம் கிடைத்ததும் இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

தரம் பத்துக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பிள்ளையை இந்தக் கரையில் உறவினர் வீட்டில் விட வேண்டும். எங்கள் வீட்டில் எப்போதும் ஒன்றிரண்டு பிள்ளைகள் அப்படி இருப்பார்கள். இப்போது இருப்பது ஆத்துக்காரி.

மட்டக்களப்பில் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்களாமே?

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற ஒவ்வொருவரும் இதைக் கேட்காமல் போவதில்லை. மந்திரம் போட்டு ஒட்ட வைக்கிறார்கள் என்று அவர்கள் நினைக்கிறார்கள். போன உடனே பாயைப் போட்டு, வெற்றிலைத் தட்டை வைத்து, "இரிங்க மனே, சாப்பிட்டுத்தான் போகணும், மறுகா என்ன அவசரம்?" என்றால் யார்தான் எழும்புவார்கள்? அதிலும் மேற்கே, காலையில் கறந்த பாலில் தேநீர், மத்தியானம் குளத்து விரால் குழம்பு, பின்னேரம் தயிரும் தேனும் என்று வந்தால் ஒட்டத்தான் செய்யும். வந்து ஒட்டிய மாப்பிள்ளைமார் பலரை எனக்குத் தெரியும். யாரும் புகார் சொன்னதில்லை.

கோயில்கள்?

கோராவெளியில் கண்ணகி அம்மன் இருக்கிறாள். வைகாசி மாதத்தில்தான் மட்டக்களப்பு முழுக்கக் கண்ணகிக்குச் சடங்கு. கதவு திறப்பதில் தொடங்கிக் குளிர்த்தியோடு முடியும். மதுரையை எரித்தவள் கோபம் தணிய வேண்டும் என்று குளிரப் பாடுவார்கள். கச்சான் காற்று அனலாக அடிக்கிற மாதத்தில் ஏன் குளிர்த்தி என்று வெயிலில் நின்று பார்த்தால் விளங்கும். ஒரு காலத்தில் கரையோர ஊர்ச் சனம் மாட்டுவண்டி கட்டி வந்து மரத்துக்குக் கீழே சமைத்துத் தங்கிப் போகும். இப்போது வான் பிடித்து வந்து அன்றே திரும்புகிறார்கள். குடும்பிமலையில் முருகன்.

தங்க இடம் இருக்கிறதா? என்ன கொண்டுபோக வேண்டும்?

ஹோட்டல் இல்லை. யாராவது வீட்டில் தங்கலாம், ஆள் தெரிந்திருந்தால். தெரியாவிட்டால் பகலில் போய்ப் பகலில் வாருங்கள். போன் சிக்னல் சில இடங்களில் வரும், சில இடங்களில் பாறைமேல் ஏறினால் வரும். போன் பேசப் போன பெடியனைத் தேடுவதாக இருந்தால் பாறையில்தான் தேட வேண்டும்.

பிள்ளைகளுக்கு டொபி அள்ளிக் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். கொப்பி, பேனா என்றால் பாடசாலையில் அதிபரிடம் கொடுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை. டோர்ச்சுக்கு பற்றரி. நுளம்புத் திரி. பாண் இரண்டு றாத்தல் கொண்டுபோனால் பெரிய விருந்தாளி நீங்கள்தான், அங்கே நெல் விளையும், பாண் விளையாது.

புறப்பட முந்தி கிரான் சந்தியில் ஒரு நிமிடம் நின்று ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கேளுங்கள். என்னிடம்தான் கேட்க வேண்டும் என்றில்லை. பால் கானோடு வருகிறவரின் காற்சட்டை எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும்.